பல்லைக் கடிச்சுக்கோ என்றவர்

ஜனவரி 11

அடியே வாலு,

இன்றைக்கு உன் காற்று மெத்தையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். அதைச் சுருட்டுவதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. உன்னை மாதிரியேதான் அதுவும், ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழும்பும். கடைசியில் மேலே ஏறி உட்கார்ந்துதான் அடக்கினேன். நீ போன அக்டோபரிலிருந்து அது உன் கட்டிலிலேயே கிடந்தது. எத்தனை நாள்தான் அதன் முகத்தில் விழிப்பது.

ஆஸ்பத்திரி வாசலில் சீட்டுக் கொடுக்கிற பெண் சொன்னாள், "இதெல்லாம் பின் கட்டிடத்துல குடுங்கம்மா. அவங்கதான் வாங்கிப்பாங்க."

பின் கட்டிடம்! அந்தப் பேரை நாம் வாயால்கூடச் சொன்னதில்லையே. 'பின்னாடி அனுப்பிட்டாங்க' என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். உன் வார்டில் படுத்திருந்த அத்தனை பேருக்கும் அந்த அர்த்தம் தெரியும். கூட்டுகிறவளுக்குக்கூடத் தெரியும்.

மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெனரேட்டர் அறையைத் தாண்டிப் போனேன். இருட்டாக இருக்கும், அழுகைச் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். என்ன இருந்தது தெரியுமா? ஜன்னல். பெரிய பெரிய ஜன்னல். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு நாற்காலியில் ஒரு பூனை, அதை யாரும் விரட்டவில்லை. மஞ்சள் தொப்பி போட்ட ஒருத்தி டீயில் பிஸ்கட்டை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். தொப்பிக்கு அடியில் முடி இல்லை. உன்னைவிடச் சின்னவள். ஐயோ பாவம் என்று நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னக்கா, என்னைத் தெரியுமா?"

"இல்லம்மா. தைரியமா இரு."

"எதுக்கு?"

"இங்க வந்துட்டியே…"

அவள் சிரித்த சிரிப்பில் பிஸ்கட் டீக்குள் விழுந்துவிட்டது. "அக்கா, நான் சாக வரல! முன் கட்டிடத்துல எனக்குக் கீமோ ஓடிக்கிட்டிருக்கு. அது குடுக்குற வாந்திக்கும் கைகால் எரிச்சலுக்கும் இங்க வந்து மருந்து வாங்கிக்கிறேன். முதல் மாசத்துல இருந்தே வர்றேன். இப்ப பாருங்க, என் பிஸ்கட்டுதான் செத்துப்போச்சு."

முதல் மாசத்திலிருந்தே.

மெத்தையை வாங்கிக்கொண்ட சிஸ்டரிடம் திரும்பக் கேட்டேன், எனக்குக் காது கெட்டுவிட்டதோ என்று. அவள் நிதானமாகச் சொன்னாள். "முன்னாடி இருக்கவங்க நோயப் பாக்கறாங்க, நாங்க ஆளப் பாக்கறோம். ரெண்டும் கூடவே நடக்கும்மா. வலி, வாந்தி, தூக்கமில்லாம இருக்கறது, பயம், எதுக்கு வேணாலும் வரலாம். எல்லாம் கைவிட்டுப் போனப்புறம்தான் வரணும்னு யாரு சொன்னா?"

யார் சொன்னார்கள்? யாருமே ஒன்றும் சொல்லவில்லையே. அதை நினைத்தால்தான் இப்போது ஆத்திரமாக வருகிறது.

ஜனவரி 12

ஒரு சட்டைக் காலரைக் கருக்கிவிட்டேன். இஸ்திரிப் பெட்டி பிடித்த நாளிலிருந்து முதல் தடவை. சலவைக்கடை முதலாளியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். யாரையாவது கடித்துக் குதறினால் தேவலை என்று இருந்தது.

ஜனவரி 15

நான் படித்தது அஞ்சாவது. டாக்டர் படித்தது எத்தனையாவதோ. ஆனால் ஒன்று கேட்கிறேன், நீயே நியாயம் சொல்.

உன் முதுகெலும்பில் நோய் இறங்கிய மாதம் அது. பெரிய டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "பின் கட்டிடத்துலயும் ஒரு தடவை காட்டிடுங்க." அவ்வளவுதான். எதற்கு, என்ன, ஒன்றும் இல்லை. கதவைத் திறந்து அடுத்த ஆள் உள்ளே வந்தாகிவிட்டது. நாம் மூன்று பேரும் வெளியே வந்தோம். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. வராந்தாவிலேயே கத்தினார். "இவங்க யாரு என் தங்கச்சியக் கைகழுவ? நாம போராடறோம். அந்தப் பக்கம் எவனாவது கால் வச்சா காலை ஒடிச்சிடுவேன்."

நீ அன்றைக்கும் சும்மா இருந்தாயா? "அண்ணே, காலை ஒடிச்சா அதுக்கு எந்தக் கட்டிடம்?" என்றாய். அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாமும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அந்தக் கதவைச் சாத்திவிட்டோமேடி.

அதற்கப்புறம் நீ சிரிக்கவில்லை.

புரண்டு படுக்க முடியாது. இருமினால் கத்துவாய். வார்டு சிஸ்டர் ஒருத்தி வலிக்கு மார்பின் என்று ஒரு மருந்து இருக்கிறது, கேட்டுப் பாருங்கள் என்று என் காதில் சொன்னாள். அண்ணனிடம் சொன்னேன். "அது போதை மருந்து. அதக் குடுத்தா அப்படியே தூங்கிப் போயிடுவா. கொஞ்ச நாள்தான். பல்லைக் கடிச்சுக்கச் சொல்லு" என்றார். நேராக உன்னிடமே வந்து சொன்னார், தலையைத் தடவிக்கொண்டு, அன்பாகத்தான். "பல்லைக் கடிச்சுக்கோ கண்ணு."

நீ சொன்ன பேச்சைக் கேட்டாய். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கேட்டாய். கடித்தாய், தலையணையை.

அந்த உறை என்னிடம் இருக்கிறது. நீல உறை, ஓரமெல்லாம் பல் பட்ட ஓட்டை. எத்தனையோ தடவை துவைத்தும் இஸ்திரி மட்டும் போட முடியவில்லை. பெட்டியின் மூக்கு ஓட்டையில் போய்ச் சிக்கிக்கொள்கிறது.

ஜனவரி 20

அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரெண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் நீ போனதிலிருந்து அதிகம் போகவில்லை. டிரைவிங் ஸ்கூல் கார் வாசலில் நின்றது. உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார்.

நான் பார்த்ததைச் சொன்னேன். ஜன்னல், மஞ்சள் தொப்பி, சிஸ்டர் சொன்னது, எல்லாம். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

"அண்ணே, அது சாகறவங்க எடம் இல்லையாம். நம்ம வாலு அங்கயே வந்து போயிருந்தா…"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு? ஆளே போயாச்சு."

"ஆள் போனதப் பத்திப் பேசல. எப்படிப் போனான்னு பேசறேன்."

"நான் என்ன டாக்டரா? என் புத்திக்கு எட்டினத செஞ்சேன். நீ பக்கத்துலதான இருந்த, நீ சொல்லியிருக்கலாமே!"

பார்த்தாயா? சுற்றி வளைத்து என் தலையில் கட்டுகிறார். நம் வீட்டில் அவர் சொல்லுக்கு மேல் எவள் சொல் ஏறியிருக்கிறது? ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று நீ எத்தனை வருஷம் கெஞ்சினாய். ஊரில் உள்ளவளுக்கெல்லாம் கற்றுக்கொடுப்பார். உனக்கு மட்டும் "ஒனக்கு வாலு ஜாஸ்தி, வண்டி தாங்காது." அதுதானே அவர்.

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இனி அந்த வாசல் மிதிக்க மாட்டேன்.

ஜனவரி 28

மிதிக்கவில்லை.

பிப்ரவரி 9

அண்ணி சலவைக்கடைக்கு வந்தாள். இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, துணி கொடுக்க வந்தவள் மாதிரி முந்தானையையே மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உங்க அண்ணனுக்கு நுரையீரல்ல இருக்காம். எலும்புக்கும் போயிருக்காம்."

இதை உன்னிடம்தான் எழுத முடியும். முதலில் எனக்கு அழுகை வரவில்லை. 'வரட்டும், இப்போது தெரியும்' என்றுதான் வந்தது. பெட்டியைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். அப்புறம் பார்த்தால் தேய்த்து முடித்த சட்டையையே மறுபடி தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பேராகப் பிறந்தோம்.

பிப்ரவரி 20

முதல் கீமோ போட்டார்களாம். அண்ணி சொன்னாள். நான் போகவில்லை.

மார்ச் 6

போனேன். என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோள் எலும்பு சட்டைக்கு மேல் தெரிகிறது. என்னைப் பார்த்ததும், "வந்துட்டாங்கய்யா கலெக்டரம்மா" என்றார். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்திவிட்டு வலது காலைத் தரையில் அழுத்தினார். பாதம் முழுக்க அழுந்த, வெகுநேரம். பிறகு மெல்ல எடுத்தார்.

உனக்குத் தெரியுமே அந்தக் கால். கற்றுக்கொடுக்கிற காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. முப்பது வருஷமாக அடுத்தவன் ஓட்ட ஓட்ட மிதித்து மிதித்து, பஸ்ஸில் போனாலும் மிதிப்பார். சினிமாவில் கார் துரத்தினால்கூட மிதிப்பார். நீ அதை நடித்துக்காட்டி அடி வாங்கியிருக்கிறாய்.

இப்போது வலி வரும்போது மிதிக்கிறார். நிறுத்தப் பார்க்கிறார். அது நிற்கவில்லை.

அண்ணியைத் தனியே கூப்பிட்டேன். "பின் கட்டிடத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்களா?"

"பேரச் சொன்னாலே எரிஞ்சு விழறாரு. மருந்தே வேணாங்கறாரு. எனக்கும் பயமா இருக்கும்மா, அங்க போனா அவ்வளவுதான்னு…"

"அண்ணி! அவ்வளவுதான்னு சொல்லிச் சொல்லித்தான் ஒருத்தியத் துடிக்கவிட்டோம்!"

தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

மார்ச் 13

இன்று கீமோவுக்கு நானும் போனேன். அண்ணனை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டுப் பெரிய டாக்டர் அறைக்குள் நானும் அண்ணியும் போனோம். அதே கம்ப்யூட்டர். அதே முதுகு.

"மருந்த உடம்பு நல்லா தாங்குது. அடுத்தது மூணு வாரத்துல. பின் கட்டிடத்துலயும் ஒரு தடவை காட்டிடுங்க."

அதே வார்த்தைடி! எழுத்துப் பிசகாமல்! எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

"எதுக்குக் காட்டணும், டாக்டர்?"

அவர் நிமிர்ந்தார். "வலிக்கு."

"வலிக்குன்னு இப்ப நான் கேட்டதால சொல்றீங்க. போன வருஷம் என் தங்கச்சிக்கும் இதேதான் சொன்னீங்க. கைகழுவிட்டீங்கன்னு நெனச்சோம். துடிச்சே செத்தா. அது கூடவே பாக்கற வைத்தியம், சாகறதுக்கு இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில முத்தா உதிரும்?"

அண்ணி என் புடவையை இழுக்கிறாள். வாசலில் அடுத்த ஆள் நிற்கிறான். நான் நகரவில்லை. டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். தூங்கி எத்தனை நாளானதோ, கண்ணுக்கடியில் பை தொங்குகிறது.

"விளக்கிச் சொன்னா பாதிப் பேர் பயந்துபோய் அடுத்த தடவை என்கிட்டயே வர்றதில்லம்மா. மாயம் பண்றேன்னு சொல்ற எவன்கிட்டயாவது போயிடறாங்க. அதனால சும்மா போற போக்குல சொல்லிப் பழகிட்டேன்."

"பழகிட்டீங்க."

"தப்புதான்" என்றார். வாசலில் நின்ற ஆளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்க தங்கச்சி… சிரிச்சுக்கிட்டே இருப்பாங்களே, அவங்களா?"

அவருக்கு உன்னை ஞாபகம் இருக்கிறது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவருக்குச் சொல்லத் தெரியவில்லையா?

மார்ச் 14

கோபம் ஆறவில்லை. எத்தனை சட்டை தேய்த்தேன் என்று தெரியாது.

மார்ச் 22

அண்ணனிடம் டாக்டரே சொன்னதையும் சொல்லியாகிவிட்டது. இது கைவிடுகிற இடம் இல்லை, கீமோவும் நடக்கும், வலி மருந்தும் நடக்கும் என்று அவருக்கு இப்போது நன்றாகவே தெரியும். ஆனாலும் மாட்டேன் என்கிறார். சாப்பிடுவதில்லை. சூப்பை வைத்தால் பார்த்துக்கொண்டே இருக்கிறார். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருக்கிறது.

என்ன வீம்பு இது?

மார்ச் 29

இன்று தெரிந்தது.

அண்ணி கடைக்குப் போயிருந்தாள். நானும் அவரும் மட்டும். வலி வந்து முகம் கோணியது. தலையணையை எடுத்துக் கொடுத்தேன், முதுகுக்கு வைக்க. அவர் அதை வாங்கி, வாயில் வைத்துக் கடித்தார்.

பிடுங்கிவிட்டேன். "என்ன பண்றீங்க?"

"அவளும் இப்படித்தான…" என்றார்.

"அதுக்கு?"

"அவளுக்கு வேணாம்னுட்டு நான் மட்டும் எப்படி வாங்கிக் குடிப்பேன்? ஒரு மூடி மருந்துல தீர்ற வலின்னு தெரிஞ்சிடுச்சுன்னா… அப்புறம் அவ பட்டதெல்லாம் எதுக்கு? நான் எந்த மூஞ்சியோட…"

இதற்காகத்தானா! பயமும் இல்லை, வீம்பும் இல்லை. கணக்குத் தீர்க்கிறாராம், உன் வலிக்கு அவர் வலி.

வாலு, எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே. வாழ்நாளில் முதல் தடவையாக அவரை 'நீ' என்றேன்.

"யாரு கேட்டா உன்கிட்ட? நீ துடிச்சா அவ துடிச்சது கழியுமா? அப்பவும் நீயாத்தான் முடிவு பண்ண, இப்பவும் நீயாத்தான் முடிவு பண்ற. தண்டனைய உனக்கு நீயே குடுத்துக்கிட்டு உக்காந்திருக்க. பக்கத்துல ஒருத்தி ராவும் பகலும் பாத்துக்கிட்டு நிக்கறாளே, அண்ணி, அவ என்ன பண்ணினா? இன்னொருத்தர் துடிக்கறத நானும் ஒருதடவை பாக்கணுமா? என்னால முடியாது. ஒருத்தியப் பாத்ததே போதும்!"

அவர் என் கையிலிருந்த தலையணையையே பார்த்தார்.

"நான் உன்னை மன்னிக்கல. தெரிஞ்சுக்கோ. மன்னிக்கவும் மாட்டேன். ஆனா நாளைக்குக் கிளம்பு."

தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நெஜமாவே மன்னிக்க மாட்டியா?"

"மாட்டேன்."

அவர் தோள் இறங்கியது, சுமை இறக்கிய ஆள் மாதிரி. "சரி" என்றார். "அப்ப வர்றேன். நீ திட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போ."

மார்ச் 30

திட்டிக்கொண்டே போனேன். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, ஜெனரேட்டர் அறை வரைக்கும் திட்டினேன். கார் சொல்லித்தராததில் ஆரம்பித்து, நீ வயதுக்கு வந்த புதிதில் உன் சைக்கிளை விற்றது வரைக்கும். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். அவர் நடுவில், "அந்த சைக்கிள் துருப்பிடிச்சிருந்துச்சு" என்றார். "வாய மூடு" என்றேன்.

வலி டாக்டர் ஒரு பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு முட்டிக்கு முட்டி உட்கார்ந்தாள். எங்கே வலிக்கிறது, குத்துகிறதா, எரிகிறதா, எப்போது கூடுகிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். உன்னை யாராவது இப்படிக் கேட்டார்களாடி? கடைசியில், "வலி குறைஞ்சா என்ன பண்ணணும்னு ஆசை?" என்றாள்.

அண்ணன் முழித்தார். "கார்ல உக்காரணும். என் சீட்டுல."

பிறகு அவராகவே கேட்டார். கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. "என் தங்கச்சிய அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா?"

அவள் சமாதானம் சொல்லவில்லை. "இருந்திருப்பாங்களான்னு என்னால சொல்ல முடியாது. வலி குறைஞ்சிருக்கும். அதச் சொல்ல முடியும்."

அண்ணன் கால் தரையை அழுத்தியது. இந்தத் தடவை வலியால் இல்லை.

சின்ன பாட்டில். அளக்க ஒரு மூடி. வலி வரும்வரை காத்திருக்காமல் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும், கூடவே மலம் இறுகாமல் இன்னொரு மருந்து, முதலில் கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருக்கும், தானாக வண்டி ஓட்டக் கூடாது, சந்தேகம் வந்தால் போன் பண்ணுங்கள் என்று சிஸ்டர் சொல்லிக் கொடுத்தாள். போதைக்கு அடிமையாகிவிடுவாரா என்று அண்ணி கேட்டாள். "வலிக்காக அளவா குடுக்கறதும்மா. அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

கைக்குள் அடங்குகிற பாட்டில். இது இங்கேயே இருந்தது. உன் வார்டுக் கட்டிலுக்கும் இதற்கும் நடுவில் ஒரு ஜெனரேட்டர் அறைதான் இருந்தது. யார் மேலே கோபப்படுவது என்று தெரியாமல் அந்தச் சுவரை ஒரு குத்துக் குத்தினேன். கை வீங்கியிருக்கிறது. அதற்கும் வலி டாக்டரிடம் போ என்கிறார் அண்ணன்.

ஏப்ரல் 4

மருந்தின் அளவைக் கூட்டினார்கள். சூப் முழுவதும் குடித்தார்.

ஏப்ரல் 11

அண்ணி போன் பண்ணி அழுதாள். பயந்துவிட்டேன். பார்த்தால், "என்னைத் திட்டினாரும்மா, உப்பு இல்லைன்னு" என்கிறாள்.

ஏப்ரல் 19

இன்று விடுமுறை. மதியம் அண்ணன் வரச் சொன்னார். போனால் கார் வாசலில் நிற்கிறது, அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், தன் பிரேக்குக்கு நேரே. ஓட்டுகிற பக்கம் காலி.

"ஏறு."

"எதுக்கு?"

"கத்துக்கத்தான். சாவி வீட்டுல உங்க அண்ணிகிட்ட இருக்கு, பயப்படாத. வண்டி நகராது. முதல்ல உக்காரக் கத்துக்கோ."

"இத்தனை வயசுக்கு மேல எனக்கு எதுக்கு?"

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டவளுக்குச் சொல்லித் தரல. கேக்காதவளுக்காவது சொல்லித் தர்றேன். ஏறு."

'இதனால ஒண்ணும் சரியாகிடாது' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவருக்கும் அது தெரியும் என்று பட்டது. ஏறினேன்.

ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொன்னார். "இஸ்திரிப் பெட்டி மாதிரி அமுக்காத." கிளட்ச், பிரேக் என்று காலுக்குக் காட்டினார். கியரை மாற்றச் சொன்னார். மாற்றினேன். "மறுபடியும்." மாற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு, "எந்த ஊருக்குப் பயணம்?" என்று கேட்டுப் போனார். நிற்கிற வண்டியில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. நீ இருந்திருந்தால் பின்சீட்டிலிருந்து ஹாரன் சத்தம் போட்டிருப்பாய்.

மூன்றாவது கியர் போட்டுவிட்டு, "சரியா?" என்றேன். பதில் இல்லை.

தூங்கிவிட்டார். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, குறட்டைகூட வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எவனையும் நம்பாத மனுஷன், என்னை ஸ்டியரிங்கில் வைத்துவிட்டுத் தூங்குகிறார்.

அவர் காலைப் பார்த்தேன். பிரேக்குக்குப் பக்கத்தில், செருப்பு கழன்று, சும்மா கிடந்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூட மிதிக்கவில்லை.

எழுப்பவில்லை. இறங்கவும் இல்லை. கதவைத் திறந்தால் சத்தம் கேட்குமே என்று வெயில் சாயும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். கோபம் எங்கேயும் போய்விடவில்லை. அதுவும் என் பக்கத்திலேயே, சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தது.

வாலு, ஒன்றே ஒன்று சொல். உனக்கும் இப்படித் தூக்கம் வந்திருக்குமாடி?